பிரட்டில் கைதட்டினால் கூடை நிறையுமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். வயது 27. அம்மாவும் இதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்தான். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் 60 பேர் இருந்தும் என் மலைக்கு 35 பேர் வந்தால் பெரிய காரியம். வருகிறவர்களுக்கும் வேலையில் மனமில்லை. போன மாதம் எங்களை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மோட்டிவேஷன் பயிற்சி கொடுத்தார்கள். காலையில் ஆட்கள் கூடி நிற்கும் பிரட்டில் எல்லோரையும் கைதட்டச் சொல்ல வேண்டுமாம், மாதத்தின் சிறந்த தொழிலாளியின் படத்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்ட வேண்டுமாம். கைதட்டச் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதால் பின்னேரத்தில் சண்டை வரும், அது வழமைதான். சின்ன வயதில் சித்தி, மாமி என்று கூப்பிட்டவர்களை இப்போது அதட்ட வேண்டியிருக்கிறது. எனக்கே வேலை வெறுத்துவிட்டது. கட்டாருக்குப் போய்விடலாமா? படத்தையாவது ஒட்டிப் பார்க்கவா?
பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, அந்தச் சிரிப்பை நேரில் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இருட்டோடு எழும்பி, அடுப்பு மூட்டி, பெரியதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு ஓடி வந்து நிற்கிறவரிடம் "கைதட்டுங்கள், உற்சாகம் வரும்" என்றால் அவர் வேறு என்னதான் செய்வார்?

நிறுவைச் சண்டையைப் பற்றி "வழமைதான்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை, பகல், பின்னேரம் என்று மூன்று தடவை நிறுக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் சாக்குக்கு, ஈரத்துக்கு, கிராம் கணக்கைக் குறைத்து எழுதியதற்கு என்று ஒரு கிலோ கூடுதலாகப் போனாலே மூன்று கிலோ போய்விடும். 19 கிலோ எடுத்தவருக்குச் செக்ரோலில் 16 விழுகிறது. முழுப்பேர் அரைப்பேராகிறது. கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கொழுந்து சாக்கில் இருக்கிறது, ஸ்டோருக்கும் (தொழிற்சாலைக்கும்) போகிறது, தூளாகவும் ஆகிறது. அவருடைய கணக்கில் மட்டும் இல்லை. இதை அவர் விரல் விட்டு எண்ணித் தெரிந்து வைத்திருக்கிறார் தம்பி. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம், ஆனால் தன் முதுகில் ஏறிய பாரம் எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் 14 கிலோவோடு கையை நிறுத்திக்கொள்வார். அதற்குப் பெயர் சோம்பல் இல்லை.

ஆகவே முதலில் தராசின் முகத்தைத் திருப்பி வையுங்கள். நீங்கள் பார்க்கும் எண்ணை அவரும் பார்க்கட்டும். இதற்குத் துரையின் (தோட்ட மனேஜரின்) அனுமதி தேவையில்லை. வெறும் சாக்கு ஒன்றை எல்லோருக்கும் முன்னால் நிறுத்துக் காட்டுங்கள், அந்த எடையை மட்டும் கழியுங்கள். ஈரக் கொழுந்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும், அதை ஒருவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் மழை நாளில் எவ்வளவு கழிப்பது, வெயில் நாளில் எவ்வளவு என்பதைத் துரையிடம் எழுத்தில் வாங்கி மடுவத்துச் சுவரில் எழுதிவிடுங்கள். காய்ந்த கொழுந்திலும் ஈரக் கழிவு போடுகிற தோட்டங்களைப் பற்றி எனக்கு இதற்கு முன்னாலும் கடிதங்கள் வந்திருக்கின்றன.

துரை சம்மதிப்பாரா என்று யோசிப்பீர்கள். ஆள் வராததால் கொழுந்தெடுக்கும் சுற்று தவறி, கொழுந்து முற்றி, தூளின் தரம் இறங்குவதில் கம்பனிக்கு எவ்வளவு நட்டம் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதை முன்னால் வைத்துப் பேசுங்கள். நியாயம், தர்மம் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பயிற்சியில் உங்களுக்கு ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பர்க் என்ற பெயரைச் சொன்னார்களா தெரியவில்லை. அமெரிக்க உளவியலாளர். பிட்ஸ்பர்க் நகரப் பக்கம் இருநூறு பேரளவிலான பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்து 1959இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சம்பளம், மேற்பார்வை, வேலை செய்யும் இடத்தின் நிலைமை இவையெல்லாம் கெட்டுப்போனால் மனிதருக்கு வேலை கசந்துபோகும். பாராட்டு, பொறுப்பு, சாதித்த திருப்தி இவைதான் வேலையில் ஈடுபாட்டைக் கொடுக்கும். இரண்டும் வேறு வேறு என்றார். ஹோட்டலில் பயிற்சி கொடுக்கிறவர்கள் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் கைதட்டலுக்குச் செலவில்லை.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, உங்கள் கையில் இல்லாத விஷயம் என்பதாலாக்கும். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் 1,350 ஆனது. அரிசியும் தேங்காயும் அதற்காகக் காத்திருக்கவில்லை. வராத 25 பேர் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தீர்களா? மரக்கறித் தோட்டத்துக்கோ, டவுனில் வீட்டு வேலைக்கோ கைக்காசுக்குப் போயிருப்பார்கள். அங்கே பின்னேரமே காசு கையில். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் போவேன். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சம்பளத் துண்டு ஆங்கிலத்தில் வருகிறதென்றால், சம்பள நாளன்று ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்து எது பிடிப்பு, எது சேமிப்பு என்று தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். சேமலாப நிதிக்குத் தன்னிடம் பிடிக்கிற 8 வீதத்தோடு கம்பனி 12 வீதம் போட வேண்டும் என்பதும், ஐந்து வருடம் வேலை செய்தால் சேவைக்காலப் பணம் உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

மலையின் நிலைமையையும் பாருங்கள். புல்லும் கொடியும் ஏறிக் காடாகிக் கிடக்கிற மலையில் யாருக்கும் 18 கிலோ வராது. உங்கள் பக்கத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயிலில் கொழுந்து குறையும், ஏப்ரல், மே மாதங்களில் பொங்கி வரும். இரண்டு காலத்துக்கும் ஒரே கிலோ கேட்டால் அது செடியோடு போடுகிற சண்டை. குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க, ஆட்களை இறக்குவதற்கு முன்னால் ஒருவரை அனுப்புங்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற செய்தி இல்லாத மாதம் மலையகத்தில் உண்டா? அப்புறம், மலையில் ஒரு மலசலகூடம். பெண்கள் இதை உங்களிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பின்னேரம் வரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார்.

சித்தி, மாமி விஷயம். உத்தியோகம் கிடைத்ததும் 'ஐயா' ஆகிவிட்டீர்கள், அதற்கு ஏற்றபடி குரலை உயர்த்த வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மலையில் சித்தியைச் சித்தி என்றே கூப்பிடுங்கள். முத்தல் இலை எடுத்தால் "சித்தி, இது ஸ்டோரில் கழிபடும்" என்று சொல்லித் திருத்தலாம், தவறில்லை. சொந்தக்காரர் என்று ஒருவருக்கு மட்டும் கிலோவைக் கூட்டி எழுதினால்தான் பெயர் கெடும்.

கட்டார் பற்றி: போவதும் இருப்பதும் உங்கள் வீட்டுக் கணக்கு, கடன் எவ்வளவு, யாரை விட்டுப்போகிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு வேலை வெறுத்ததும் அவர்களுக்கு வேலை வெறுத்ததும் ஒரே மடுவத்தில்தான். மேலே கிலோக் கணக்குக் காட்ட வேண்டும், கீழே கழித்ததற்குத் திட்டு வாங்க வேண்டும். நடுவில் நின்று பொய் எழுதுகிறவனுக்கு இரவில் எங்கே நித்திரை வரும்? தராசைச் சரிசெய்து இரண்டு சம்பளம் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

படம் ஒட்டுவதானால் கடைசியாக ஒட்டுங்கள், அதுவும் படத்துக்குரியவரைக் கேட்டுவிட்டு. யாரைத் தேர்வது என்பதை மலையில் இருப்பவர்களிடமே விடுங்கள். அதிகக் கிலோ எடுத்தவரைத்தான் போடுவேன் என்றால், மாதாமாதம் நல்ல செடிகள் உள்ள நிரை கிடைத்தவரின் படம்தான் சுவரில் இருக்கும். அந்த நிரையைப் பிரித்துக் கொடுத்தது யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.