‘வின்-வின்’ என்பதற்கு ‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ என்று எழுதலாமா?

கூடாது. கல்லெறிந்தவன் ஒருவன், விழுந்த இரண்டு மாங்காயும் அவனுக்கே. கல்யாணத்துக்குச் சென்னை போனவர் அப்படியே வில்லங்கச் சான்றும் வாங்கி வந்தால் அதற்குத்தான் அந்தப் பழமொழி. சிலர் மூதுரையின் ‘நெல்லுக்கு இறைத்த நீர்’ பாட்டைக் கொண்டுவருவார்கள். அதுவும் சேராது. பொசிந்த நீரைக் குடித்த புல், நெல்லுக்கு எதையும் திருப்பித் தரவில்லையே.

நேராக ‘இரு தரப்புக்கும் ஆதாயம்’ என்றே எழுதுங்கள். பேச்சில் ‘ரெண்டு பேருக்கும் லாபம்’ போதும். எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஆட்டுக்கிடையைச் சொல்லுங்கள். அது பழமொழியா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் அப்படிச் சொல்லவில்லை.

அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) ராத்திரியில் ஆடுகளை அடைப்பார்கள். அதுதான் கிடை. ஆட்டுக்கு அறுத்த தாளும் வரப்புப் புல்லும், கீதாரிக்குப் பணமாகவோ நெல்லாகவோ கூலி, வயலுக்குப் புழுக்கையும் மூத்திரமும். தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 0.5 சதவீதம், ஆட்டெருவில் சுமார் 3 சதவீதம். அதைவிடப் பெரிய பலன், மூத்திரம் அந்த மண்ணிலேயே இறங்குவது. கொட்டிலில் கூட்டி அள்ளும் எருவில் அது வீணாகிவிடும்.

கிடையைத் தினம் தினம் இடம் மாற்ற வேண்டும். ஒரே மூலையில் வைத்தால் அங்கே மட்டும் பயிர் மதர்த்து வளர்ந்து சாயும், மற்ற இடம் வெளிறிக் கிடக்கும். கிடை பெயர்ந்த கையோடு மேலாக உழுது மூடிவிடுங்கள். வெயிலில் விட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். உழவை ஒத்திப்போட்டுவிட்டு ‘கிடை போட்டும் பலனில்லை’ என்பவர்கள் நிறைய.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. ராத்திரி கிடை வேண்டும் என்பவர்களே பகலில் அதே ஆடு வரப்பில் வாய் வைத்தால் கம்பெடுக்கிறார்கள். போர்செட்டுத் தொட்டியில் தண்ணீர் காட்டவும் விடுவதில்லை. சித்திரை வெயிலில் குட்டிகளோடு அலைகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! இப்படி நடந்தால் அதை ‘இரு தரப்புக்கும் ஆதாயம்’ என்று எழுதவே முடியாது. கூலி பேசும்போதே தண்ணீர் எங்கே, பகல் மேய்ச்சல் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் பேசி முடியுங்கள்.