கித்துல்கலயில் ஒருநாள் காட்டுச் சாகசப் பயணம்: என்ன எதிர்பார்க்கலாம்?

காட்டு நடை, ஓடை வழி இறக்கம், ஆற்றில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேகமான நீரில் துடுப்புப் போட்டுச் செல்வது) மூன்றையும் ஒரே நாளில் செய்வதுதான் இந்தப் பயணம். இலங்கையில் இதற்குப் பேர்போன இடம், களனி ஆற்றங்கரையிலுள்ள கித்துல்கல.

ஓடை இறக்கம் என்றால் பாறையில் மல்லாந்து சறுக்கி, மடுவில் விழுந்து கீழே வருவது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டால் முழங்கை இடிபடாது.

லைஃப் ஜாக்கெட்டின் வார்களை நன்றாக இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். சேற்றில் பெரிய அளவுச் செருப்போடு நடப்பதுபோல: கால் வந்துவிடும், செருப்பு அங்கேயே நிற்கும்.

ஆற்றின் வேகத்தை மழை மட்டுமல்ல, மேலே நீர்மின் நிலையங்கள் திறந்துவிடும் தண்ணீரும் தீர்மானிக்கிறது. அதனால் நேரம் மாறலாம். கனமழையில் ஓடை இறக்கத்தை ரத்து செய்தால் வாதாடவே வேண்டாம். மலையில் பெய்த மழை ஓடையைச் சட்டென்று நிரப்பிவிடும்.

அட்டை கடித்தால் பிய்க்காமல், அதன் மெல்லிய முனையை நகத்தால் தள்ளி எடுங்கள். ரத்தம் சற்று நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

நீச்சல் தெரியாதவர் ராஃப்டிங் போகவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, ஆறு போகும் திசையில் கால் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதந்திருங்கள்.