9 வயதுப் பிள்ளைக்குப் பழைய கோ-கார்ட்டை எப்படிப் பொருத்தமாக்கலாம்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வாடகைக்கு ஓடின பழைய கோ-கார்ட் (தாழ்ந்த, நான்கு சில்லுச் சின்னப் பந்தய வண்டி) ஒன்றைத் தெற்கில் வாங்கிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எஞ்சின் ஹொண்டா ஜிஎக்ஸ் 160. மகனுக்குக் கால் எட்டவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து, பெடலில் மரக்கட்டை கட்டினால் போதுமா?

போதாது. முதலில் தலையணையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பிள்ளை பிரேக்கை ஊன்றி மிதிக்கும்போது பெடலுக்கு முன்னம் தலையணைதான் அமுங்கும். கால் நீட்டுகிற தூரம் அதிலேயே போய்விடும். வளைவில் திருப்பினால் தலையணை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம் தண்ணிப் பம்பும் லான்ட்மாஸ்ரர் என்கிற இரு சில்லு உழவு இயந்திரமும் திருத்துகிற ஆள். அக்காவின் மகளுக்காக இதே மாதிரி ஒரு வண்டியில் கை வைத்திருக்கிறேன். என் வரிசை இதுதான்: முதலில் சீற், பிறகு பெடல், பிறகு ஸ்ரியரிங், கடைசியில் வேகம். சீற்றில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது முடிவாகாமல் பெடலை அளந்தால், அந்த வேலையைத் திரும்பவும் செய்யவேண்டி வரும்.

அதற்கு முன் ஒன்று. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையை அளந்து பாருங்கள். பெரியவர்களின் கார்ட்டில் அது ஏறத்தாழ 1040 மில்லிமீற்றர் இருக்கும். சிறுவர்களுக்கென்று செய்த கார்ட்டில் 900 முதல் 950 வரை. உங்களுடையது பெரியதாக இருந்து, மகனின் கால் பெடலுக்கு ஐந்து அங்குலத்துக்கு மேல் குறைந்தால் நான் அதில் கை வைக்க மாட்டேன். வந்த விலைக்கு விற்றுவிட்டுச் சின்னது தேடச் சொல்வேன். வாடகை வண்டிகளுக்குச் சுற்றிவர பம்பர் போட்டிருப்பார்கள், நூறு கிலோவைத் தாண்டும். கால் எட்டினாலும் அந்தப் பாரத்தைத் திருப்பக் கை வலு வேண்டுமே.

சீற்றுக்கு வருவோம். அது பெரும்பாலும் பைபர். பெரியவரின் இடுப்புக்கு வார்த்தது, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இடம் கிடக்கும். சீற்றை அப்படியே முன்னுக்குத் தள்ளிப் பூட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வாடகை வண்டி சிலவற்றில் தண்டவாளம் போல நகர்த்தும் அமைப்பே இருக்கும், அது இருந்தால் பாவியுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, சட்டமும் சீற்றும் சேர்ந்துதான் நெளிந்து கொடுக்கும். ஓட்டுபவரின் பாரம் பின்பக்கம் சற்றுக் கூட விழுகிற மாதிரிக் கணக்குப் பண்ணித்தான் சீற்றின் இடத்தை வைத்திருப்பார்கள்.

அதனால் பழைய சீற்றுக்குள் ஓர் உட்சீற். செருப்புக்குப் பாவிக்கிற கட்டியான றப்பர் ஷீற் இருக்கிறதே, அதைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கி ஒட்டினால் நன்றாக நிற்கும். மெத்தைப் பஞ்சு கூடாது. அமுங்கும், பெற்றோலையும் குடிக்கும். முதுகுக்குத் தேவையான தடிப்பு, விலாவுக்கும் இடுப்புக்கும் பக்கத் துண்டுகள், அடிக்கு மெல்லியதாக ஒன்று. அடியை உயர்த்தாதீர்கள். உயர்ந்தால் சீற்றின் கரை பிள்ளையின் இடுப்பைப் பிடிக்காது. பைபர் போட்டுகளில் மிதப்புக்கு இரண்டு திரவம் கலந்து ஊற்றுகிற நுரையைப் பிள்ளையை இருத்திவைத்தே வார்க்கலாம் என்றும் சொல்வார்கள். அது இறுகும்போது சூடேறும், புகையும் நெஞ்சுக்குக் கூடாது, நான் பிள்ளையை வைத்து அதைச் செய்ய மாட்டேன். ஆனால் சீற்றில் வெடிப்பு இருந்தால் முல்லைத்தீவுக் கரையில் பைபர் போட் திருத்துகிறவர்களிடம் கொண்டுபோங்கள். பைபர் பாயும் றெசின் பசையும் வைத்து அவர்கள் ஒட்டுகிற ஒட்டுக் கடல் அடிக்கே தாங்குகிறது.

இனிப் பெடல். முகத்தில் கட்டை வைப்பது ஒரு அங்குலம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பாதம் கட்டையின் நுனியில் நின்று வழுக்கும். பெடல் பூட்டியிருக்கும் அச்சையே பின்னுக்குக் கொண்டுவருவதுதான் முறை. 5 மில்லிமீற்றர் தகட்டில் இரண்டு தாங்கி வெட்டி, யூ-போல்ற்றால் சட்டக் குழாயில் இறுக்குங்கள். தாங்கியில் அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுவைத்தால் பிள்ளை வளர வளரப் பெடலை முன்னுக்குத் தள்ளலாம். சட்டக் குழாயில் மட்டும் துளை போடவோ வெல்டிங் ஒட்டவோ வேண்டாம். நெளிகிற குழாய் அந்த இடத்தில்தான் வெடிக்கும். குதிக்கால் முட்டி நிற்கிற குறுக்குக் கம்பியையும் அதே அளவு பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் இதை விட்டுவிடுவார்கள், பிறகு சின்னக் கால் பெடலுக்கு அடியில் போய்ச் செருகும்.

பெடல் நகர்ந்தால் பிரேக் கம்பியின் நீளம் மாறும். பழைய கம்பியை வெட்டி ஒட்டாதீர்கள். லேத்தில் கொடுத்து இரு முனையிலும் மரை வெட்டின புதுக் கம்பி ஒன்று செய்வியுங்கள். பந்தயக் கார்ட்டுகளில் பிரேக் பெடலுக்கு இரட்டை இணைப்பு வைப்பார்கள், கம்பி அறுந்தாலும் கேபிள் இழுக்கும். அதையும் வையுங்கள். பூட்டி முடித்ததும் எஞ்சினை நிற்பாட்டியபடி மகனை இருத்தி, பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் நின்று பலம் கொண்ட மட்டும் தள்ளிப் பாருங்கள். பின் ரயர் உருண்டால் வேலை இன்னும் முடியவில்லை. முழுவதும் மிதித்த நிலையிலும் அவன் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும்.

ஸ்ரியரிங் எட்டாவிட்டால் வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் அலுமினிய அடை ஒன்று கடைந்து வைக்கலாம். நீளமான போல்ற், தளராத நைலோன் நட்டு. இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க மகனிடம் சொல்லுங்கள். தோள் சீற்றை விட்டு எழும்பினால் வளையம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. சின்ன வளையம் வாங்கிப் போடலாமா என்று கேட்பீர்கள். வளையம் சிறுத்தால் திருப்ப இன்னும் பலம் வேண்டும். கார்ட்டின் பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால், வளைவில் உள்பக்கப் பின் சில்லு கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால்தான் வண்டி திரும்பும். பாரம் குறைந்த பிள்ளை இருந்தால் அது சரியாகத் தூக்காது, வண்டி நேரே போகப் பார்க்கும். அதனால் பெரிய வளையத்தையே வைத்துக்கொண்டு, முன் சில்லுகளின் அச்சாணிகளுக்குக் கிறீஸ் அடியுங்கள்.

வேகம்தான் உங்கள் கேள்வியில் இல்லாத பகுதி. ஜிஎக்ஸ் 160 நம் ஊரில் தண்ணி இறைக்கிற அதே எஞ்சின், 163 சிசி, சாமானுக்கு அலைய வேண்டாம். சுற்று கூடாமல் பிடிக்கிற கவர்னர் இருக்கும்வரை நிமிடத்துக்கு 3600 சுற்றை ஒட்டித்தான் ஓடும். செயின் ஓடுகிற பல்சில்லு எஞ்சின் பக்கம் 10 பல், அச்சுப் பக்கம் 60 பல், பின் ரயர் 11 அங்குலம் என்றால் மணிக்கு 31 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். 60ஐ 72 ஆக்கினால் 26க்குக் கிட்ட. அதுவும் கூட என்றால் அக்சிலேற்றர் பெடலுக்கு அடியில் ஒரு போல்ற் நிறுத்தி, பாதிக்கு மேல் மிதிபடாமல் செய்யுங்கள். கவர்னரைக் கழற்றினால் பறக்கும் என்று யோசனை சொல்ல ஒரு அண்ணை கட்டாயம் வருவார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அளவுக்கு மேல் சுற்றினால் பிளைவீல் என்கிற எஞ்சினின் பாரச் சில்லு வெடித்துச் சிதறலாம், அது பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நிற்பாட்டுகிற சுவிட்சுக்கு வெளிக்களப் போட் எஞ்சினில் மணிக்கட்டில் கட்டுகிற சிவப்புக் கயிற்றுச் சுவிட்ச் நல்லது. கயிறு கழன்றால் அது இக்னிஷனை எர்த் பண்ணிவிடும்; ஜிஎக்ஸின் சொந்தச் சுவிட்சும் அப்படித்தான் எஞ்சினை நிற்பாட்டுகிறது. இரண்டையும் சமாந்தரமாக இணைத்து, கயிற்றை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

தலைக்கு மேலே காக்கிற கம்பிக் கூடு இல்லாத வண்டிக்குப் பெல்ற் போட வேண்டாம், புரண்டால் பிள்ளை அடியில் மாட்டிக்கொள்ளும். கூடு இருந்தால் பெல்ற் கட்டாயம். ஹெல்மெட் அவன் தலைக்கு அளவானதாக, முகம் மூடினதாக இருக்கட்டும். உங்கள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கழுத்தை இழுக்கும். செயினுக்கும் சுற்றுகிற பின் அச்சுக்கும் தகட்டு மறைப்பு, சைலன்சருக்குத் துளைத் தகடு. தங்கச்சிமாரும் ஏறப் பார்ப்பார்கள், பின்னலை ஹெல்மெட்டுக்குள் சுருட்டி வைக்காமல் ஏற்றாதீர்கள். இந்தியாவில் கார்ட் அச்சில் முடி சிக்கி உயிரே போயிருக்கிறது.

ஓட்ட இடம்? எண்தகடு இல்லாத வண்டி, றோட்டில் இறக்க முடியாது. கிரவல் நிலத்தில் செயினும் எயார் பில்ற்றரும் கெதியாய்ப் போய்விடும். காலபோக அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த பிறகு அரிசி ஆலைக்காரரிடம் கேட்டு, நெல் காயவிடுகிற சீமெந்துத் தளத்தில் ஓடவிடலாம். முதலில் நன்றாகக் கூட்டுங்கள், நெல்மணியில் ரயர் நன்றாக வழுக்கும். மாடும் நாயும் உள்ளே வராமல் ஒரு ஆளை நிற்பாட்டுங்கள்.

அச்சிலிருந்து அச்சு வரை எவ்வளவு, மகன் சீற்றில் முதுகு முட்ட இருக்கும்போது பாதத்துக்கும் பெடலுக்கும் எவ்வளவு, இரண்டையும் அளந்து எழுதுங்கள். தாங்கித் தகட்டின் அளவை நான் கீறித் தருகிறேன்.