மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தால் இதயம் பலவீனமாகுமா?

எல்லா மருந்தும் அப்படியில்லை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது டாக்ஸோரூபிசின். செக்கச்செவேலென்று நரம்பில் இறங்கும். சிறுநீர்கூட ஓரிரு நாள் சிவக்கும் (அது ரத்தமில்லை, மருந்தின் நிறம்தான்). இது இதயத் தசைச் செல்களையே சிதைக்கக்கூடியது, செத்த செல் திரும்ப முளைப்பது மிக அரிது. அதனால் வாழ்நாள் மொத்த அளவுக்கே வரம்பு உண்டு: உடற்பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம். மார்பகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 240 அளவோடு முடித்துவிடுவார்கள்.

டிராஸ்டுசுமாப் (HER2 என்ற புரதம் அதிகமுள்ள மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து) கதை வேறு. சரியாகச் சொன்னால் அது கீமோவே இல்லை, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்து. இதயத்தின் பம்ப் வலுவைக் குறைத்தாலும், நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வது அதற்குத்தான்.

அப்புறம், கால் வீக்கம், தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாத மூச்சுத்திணறல் இதையெல்லாம் ‘கீமோ அசதி’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.