வேத அறிவு கூடும்போது பெருமையும் கூடுகிறதே, என்ன செய்வது?

இறையியல் படிக்கப் படிக்க மற்ற விசுவாசிகள் மேல் ஓர் இளக்காரம் வருகிறது, எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்கே தெரிகிறதே, அதுவே நல்லதுதான். எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 8-இல், கொரிந்து சபைக்கான கடிதத்தில், அப்போஸ்தலன் பவுல் எழுதியது தப்பாகப் படித்தவர்களுக்கு அல்ல. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற பிரச்சினையில், விக்கிரகம் ஒன்றுமில்லை என்று சரியாகவே தெரிந்து வைத்திருந்தவர்களுக்குத்தான். அவர்களுடைய கொள்கையில் பிழையில்லை, பலவீனமான சகோதரனின் மனசாட்சியை மிதித்துக்கொண்டு போனதில்தான் பிழை.

அதற்காகப் படிப்பைக் குறைக்க வேண்டாம். ஆதிச் சபையில் பிரசங்கித்த அப்பொல்லோவைப் பாருங்கள், வேதாகமங்களில் வல்லவர், அவரையே கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அழைத்து இன்னும் திட்டமாக விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18). அவர் கோபித்துக்கொண்டு போனதாக எங்கும் இல்லை.

என் பழக்கம் ஒன்று: யாராவது ஜெபிக்கும்போது ஒரு வார்த்தை பிசகினால் திருத்த வாய் துடிக்கும், அப்போது அவர் என்னிடமா பேசுகிறார் என்று கேட்டுக்கொள்வேன். அப்புறம், புதிதாகப் படித்ததை விவாதத்தில் எடுத்து வீசுவதற்கு முன் ஒரு வாரமாவது அதை வைத்து நானே ஜெபிப்பேன். பாதி நேரம் விவாதிக்கும் ஆசையே போய்விடுகிறது.