விமான நிலையம் அருகே ட்ரோன் இயக்குபவர் வானொலியில் பேசலாமா?

கையடக்க விமான வானொலியில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்து அனுமதி கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அனுமதி, பறப்பதற்கு முன்பே உரிய அமைப்பிடம் பெறவேண்டியது.

118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குரல் அலைவரிசைகள் ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள் பொத்தானை அழுத்தும் நொடியில், தரையிறங்கும் விமானியின் குரல் சிதைந்துபோகலாம். அதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது! ஆகவே காது கொடுத்துக் கேளுங்கள். "ஓடுபாதை 27, ஃபைனல்" என்று கேட்டால், விமானம் ஓடுபாதைக்கு நேராக இறங்கிவருகிறது. ட்ரோனை உடனே இறக்கிவிடுங்கள்.

உரிமமும் பேச அனுமதியும் உள்ளவர் மட்டும் அழைக்கலாம். அப்போது இந்த வரிசையில் சொல்லுங்கள்: யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், ஆளில்லா விமானம், இடம், உயரம், நோக்கம். பதிலில் வரும் கட்டளையைத் திருப்பிச் சொல்லுங்கள்.

ட்ரோன் கட்டுப்பாட்டை இழந்து ஓடினால் அழைக்க, கோபுரத்தின் தொலைபேசி எண்ணை முன்பே குறித்துவையுங்கள்.