21 நாள் கழித்து

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஐடி வேலை, வயது 38. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் திருவண்ணாமலையில் அறை எடுத்து 21 நாள் தனியாகத் தங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிரிவலம், காலையும் மாலையும் ரமணாசிரமத்தில் உட்கார்ந்திருப்பது, ஒரு வேளைச் சாப்பாடு. போனைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் மனசில் ஒரு சத்தமும் இல்லை. ஊர் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹோம்வொர்க் எழுதவில்லை என்று நேற்றுப் பையனின் நோட்டை விட்டெறிந்தேன். அங்கே கிடைத்ததெல்லாம் பொய்யா? வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாமா என்று தோன்றுகிறது. மனைவி, "ஓடிப்போகப் பார்க்கிறீர்கள்" என்கிறாள். ரமணரும் வீட்டை விட்டுத்தானே போனார்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரமணர் வீட்டை விட்டுப் போனார், அதனால் ஞானம் வந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்த வரிசை வேறு. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், 16 வயது வேங்கடராமனை (ரமணரின் இயற்பெயர் அதுதான்) திடீரென்று மரண பயம் பிடித்தது. சாவது எது என்று பார்த்துவிடலாம் என்று கையையும் காலையும் நீட்டிப் பிணம் மாதிரி படுத்துக்கொண்டான். நடக்க வேண்டியது அங்கேயே நடந்துவிட்டது. திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது செப்டம்பர் 1 அன்று.

நடுவில் சுமார் ஆறு வாரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பையன் வீட்டிலேயே இருந்தான். பள்ளிக்கூடம் போனான், போட்டதைச் சாப்பிட்டான், யார் கேலி செய்தாலும் வாயைத் திறக்கவில்லை. மீனாட்சி கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன்னால் நின்று, அவர்களுக்கு வாய்த்த பக்தி தனக்கும் வர வேண்டும் என்று கண்ணீர் விட்டான். ஆகஸ்ட் 29 அன்று, ஒரு இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுத வேண்டிய தண்டனை. இரண்டு தடவை எழுதியவன் தாளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று அண்ணன் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது, கிளம்பிவிட்டான். (உங்கள் பையனுக்கு இந்தக் கதையை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

அண்ணனுக்குக் கட்டவேண்டிய காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்தான். ‘நான்’ என்று தொடங்கும் கடிதம் அடுத்த வரியிலேயே ‘இது’ என்று மாறிவிடுகிறது. கீழே கையெழுத்துக்குப் பதில் வெறும் கோடு. ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்பதையும் அதில் மறக்காமல் எழுதியிருக்கிறான்.

வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று பிற்காலத்தில் கேட்ட குடும்பஸ்தர்களை அவர் ஊக்கப்படுத்தவில்லை. ‘நான் சம்சாரி’ என்கிற நினைப்பு போய், ‘நான் சந்நியாசி’ என்கிற நினைப்பு வந்து உட்காரும், அவ்வளவுதான் என்பது அவர் பதிலின் சாரம். அவருடைய குடும்பமே அவரிடம் வந்து சேர்ந்தது. 1916-இல் அம்மா அழகம்மாள் வந்து கூடவே தங்கிச் சமைக்க ஆரம்பித்தார், தம்பியும் வந்தார். பின்னாளில் ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்பே காய் நறுக்க உட்கார்ந்தவர் ரமணர்தான்.

சரி, உங்கள் நோட்டு விஷயம். என் பெரியப்பா லாரி செட்டில் வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் வசவுதான். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுவிட்டால் வேறு ஆள்: பச்சைத் தண்ணீர்க் குளியல், கோரைப்பாய், எதிரில் வருகிறவரெல்லாம் ‘சாமி’. சாமி என்று கூப்பிட்ட வாயால் உடனே திட்ட வராது, அந்த விரதத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய பெரியப்பா திரும்பிவிடுவார். நாங்கள் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிப்போம். ஆனால் ஏதோ ஒரு வருஷத்திலிருந்து அந்த விடிகாலைக் குளியல் மட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. தை, மாசி என்று வருஷம் முழுக்க. குளித்துவிட்டு வரும் அந்த அரை மணி நேரம் மட்டும் யாரையும் திட்ட மாட்டார். சாகும்வரை அப்படித்தான் இருந்தார். அவ்வளவு வருஷ விரதத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்து மிஞ்சியது அந்த அரை மணி நேரம். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆகவே பொய்யா என்று கேட்காதீர்கள். அங்கே உங்களுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலைகூட இருந்திருக்காது, கோபப்பட ஆளும் கிடையாது. மனசு அடங்கியது நிஜம், அதற்குத் தோதான ஏற்பாடு இருந்ததும் நிஜம். அந்த 21 நாளில் செய்ததில் ஒன்றே ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் 20 நிமிஷம் உட்காருவது போதும். குக்கர் விசில் அடித்தாலும் அடிக்கட்டும்.

வேலையை விடுவது பற்றி என் அபிப்பிராயம்: இப்போது வேண்டாம். பையனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்றே கேட்டுவிடுங்கள். அப்புறம், அந்த 21 நாளும் அவனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்தது யார்? அடுத்த லீவில் அவர் எங்கேயாவது போய்வரட்டும். அம்மா வீடோ, மலையோ, அவர் இஷ்டம். அத்தனை நாளும் டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், ஹோம்வொர்க் எல்லாம் உங்கள் பொறுப்பு. முடிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.